ஆறுகால் ஜந்துவும் சூடான பல்பும்

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இந்தப் புரொஜக்டர் அறையில் இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆளுக்கு மூச்சுவிட இடமில்லை. கட்டியவர்களுக்கு மூளை அவ்வளவுதான்.

காப்பீட்டு அறிக்கையில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த அறையில் கவனக்குறைவால் ஒரு திருகாணிகூடக் கழன்றதில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தியேட்டர் எனக்கும் என் தங்கைக்கும் பொது. அவளைக் கட்டியவர்தான் படங்களைத் தேர்ந்தெடுப்பார். நல்ல மனிதர். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தியேட்டர்கள் சீந்தாத ஒரு பொம்மைப் படம், எங்களைப் போன்ற சின்னத் தியேட்டர்களுக்கு மட்டும் வருகிறது என்று தலைகால் புரியாமல் ஓடிவந்தார். கதை என்ன தெரியுமா? ஆறு கால் ஜந்து ஒன்று, தொலைந்துபோன தன் முட்டையைத் தேடிக் கோள் கோளாக அலைகிறது. இதற்குப் பெயர் அறிவியல் படமாம்.

கூட்டம் வந்தது, அதுதான் கொடுமை. நான் உயிரைக் கொடுத்து ஓட்டிய எத்தனையோ படங்களைக் காலி நாற்காலிகள்தான் பார்த்தன. இங்கே தலை நரைத்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜந்து தும்மினால் கைதட்டல்.

முட்டை கிடைக்குமா கிடைக்காதா என்கிற இடத்தில் பல்ப் போய்விட்டது. மாப்பிள்ளை மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“என்னாச்சு மச்சான்? கீழ எல்லாரும் தவிச்சுப்போய் உக்காந்திருக்காங்க.”

“பல்ப் மாத்தணும். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, குனிய முடியல.”

“நான் மாத்தறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

என் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பல்புக்குள் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். சூட்டோடு கை வைத்தால் வெடிக்கும், கண்ணாடி முகத்துக்குத்தான் பாயும். அரை மணி நேரம் ஆறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும். கவசம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, ஒன்றே ஒன்று. அதை நான் மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“மச்சான், நீங்களே விண்வெளிக்குக் கெளம்பின மாதிரி இருக்கீங்க. படத்துல சேத்திருக்கலாம்.”

கேலியாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசம்தான் எனக்குக் குமட்டியது. ஆனாலும் கோபத்தில் செய்துவிட்டான் என்று எழுதாதீர்கள். அவர் சிரிப்பதற்கு முன்பே நான் கவசத்தை மாட்டியாகிவிட்டது.

“ஆறியிருக்குமா மச்சான்?”

“ஆறிடுச்சு, தொடுங்க.”

டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பல்ப் வெடித்து மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. என் கவசத்தில் சின்னக் கீறல்கள் விழுந்தன, வேறொன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, நீ பக்கத்துல இருந்ததாலதான் உசுராவது தப்பிச்சுது.” அவள் எப்போதுமே அப்படித்தான், ஆளை எடைபோடத் தெரியாது. மாப்பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“மச்சான், அந்த முட்டை கெடச்சுதா?”

“உடைஞ்சுபோச்சு மாப்பிள்ளை.”

கட்டுப் போட்ட முகத்தோடு விசும்பினார். கண் போனதற்கு அழாத மனிதர், ஒரு பொம்மை முட்டைக்கு அழுதார். இப்படிப்பட்டவர் கையில் ஒரு தியேட்டர் இருந்தால் உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்.

உண்மையில் முட்டை கிடைத்துவிடுகிறது. ஓடு விரிந்து, உள்ளேயிருந்து ஆறு குட்டிக் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஜந்து அதைத் தொடப் பயந்து சற்றுத் தள்ளியே நிற்கும். மற்ற தியேட்டர்களில் படத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் தினமும் காலையில் கதவைத் திறந்ததும், ஆளில்லாத அரங்கில் அந்தக் கடைசிக் காட்சியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான். வேறு எந்தப் படத்திலும் தூசி இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.