முதல் விலை

முட்டைக்கோசை அழுத்திப் பார்க்காமல் வாங்குகிறவர்களை நான் மதிப்பதில்லை. வெளியே பார்த்தால் எல்லாக் கோசும் பச்சைதான். விரலால் அழுத்தினால்தான் உள்ளே இறுகியிருக்கிறதா, வெறும் இலையா என்று தெரியும். நேற்று நான் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அழுத்திப் பார்க்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு நானே தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். மலாயில் எனக்குச் சரக்கு விற்க மட்டும்தான் வரும்.

கால்வாய்க்குக் குறுக்கே கிடந்த என் பலகை உளுத்துப்போயிருந்தது, அதைப் பழுது பார்க்கச் சனிக்கிழமை சாயங்காலமே எடுத்துவிட்டேன் என்று நேற்றுச் சொன்னேன். அது முதல் விலை.

என் அப்பா ரிங்லெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவர். அம்மா கருவாடு விற்றாள். எங்கள் வீட்டில் இரண்டாவது தோசைக்கும் பேரம் நடக்கும். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் கிடையாது. இன்னும் கொஞ்சம் இறங்கி வா என்பதை அப்படிச் சொல்வார்கள். வாங்க வந்தவன் எழுந்து போனால், என்னைக் கூப்பிடு என்று பொருள். கூப்பிட்டதும் திரும்பிவிட்டால் அவனுக்கு வியாபாரம் தெரியாது என்று பொருள். இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத பேச்சு என்று நினைப்பீர்கள். தேவைப்படும்.

பிரிஞ்சாங்கில் என் மளிகைக் கடை உங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நீங்களே நெய் வாங்கினீர்கள், அதுவும் சொன்ன விலைக்கே. புதன்கிழமைகளில் வேனில் சரக்கேற்றிக்கொண்டு கோலா தெர்லா பக்கத்துத் தோட்டத்துக்குப் போவேன். சாலைக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கும் நடுவில் அந்த லோங்காங் ஓடுகிறது. மலைத் தண்ணீர் இறங்குவதற்காகத் துரைமார் காலத்தில் வெட்டிக் கல் பதித்த கால்வாய். எட்டடி ஆழம், இரண்டு பக்கமும் பாசி. மழையில்லாத நாளில் அடியில் கணுக்கால் நனையாது. லாரி போகிற பாலம் கீழே அரை மைல் தள்ளி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் என் கேஸ் சிலிண்டர் ஒன்று கை நழுவி உள்ளே விழுந்தது. ஆள் கூட்டிவரப் போன நேரத்தில் மேலிருந்து தண்ணீர் வந்து, அதை அந்தப் பாலம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கனமான மெராந்திப் பலகை ஒன்றை வாங்கிக் குறுக்கே போட்டேன். லயத்துச் சனம் முழுக்க அதில்தான் நடந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யுவனேஸ்வரியும் தினமும் காலையில் அதில்தான் ஓடுவாள். லயத்தின் கோடி வீட்டிலிருந்து கிளம்பி, பலகையைத் தாண்டி, சாலையேறித் திடலுக்கு. என் மகள் தர்ஷினியும் அவளும் பத்து வயதிலிருந்து ஒரே திடலில் பந்து உதைத்தவர்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியர் ரூபன்தான் இருவருக்கும் கோச். ஒருநாள் கடையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே அந்தப் பெண் சொன்னாள், "எங்க வீட்டு வாசல்லேருந்து பலகைக்கு நாப்பத்திரண்டு எட்டு அங்கிள். பனியில ஒண்ணுமே தெரியாது. எண்ணிக்கிட்டே ஓடுவேன். கண்ணக் கட்டிவிட்டாலும் விழ மாட்டேன் லா."

நான் மறக்கவில்லை. வியாபாரிக்கு ஞாபகம்தான் கல்லாப்பெட்டி.

பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆசியத் தகுதிச் சுற்றுக்குப் பயிற்சி முகாம் போடுகிறார்கள் என்று பட்டியல் வந்தது. இடது பக்கம் ஓடுகிறவர்களில் இந்த மலையிலிருந்து ஒரே பெயர், யுவனேஸ்வரி. தர்ஷினி காத்திருப்புப் பட்டியலில். முதல் பெயர் விலகினால் அடுத்த பெயர் மேலே போகும். விலகுவதானால் திங்கட்கிழமை மதியம் வரைக்கும் தவணை.

வியாழக்கிழமை அவள் அம்மா மோகனாவைப் பார்க்கப் போனேன். தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டும் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட நாலைந்து பெண்கள்.

"என்னாங்க மொதலாளி, இன்னிக்கி வேன் வர்ற நாளு இல்லையே?"

நான் நியாயமாகத்தான் பேசினேன். பெண் பள்ளி முடித்ததும் என் கடையில் வேலை. கடைக்கு மேலே இரண்டு அறை சும்மா கிடக்கிறது, குடும்பத்தோடு வந்து இருக்கலாம். மழையில் மிஷின் தூக்க வேண்டாம். பதிலுக்கு, பெண் இந்த ஒரு முகாமை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல பேரம் அந்தச் சரிவில் நூறு வருடத்தில் நடந்திருக்காது.

மோகனா மிஷினை அணைத்தாள். "வேணாங்க. நான் கையால பொழைக்கிறவ, எம்மவ காலால பொழைக்கட்டும். அந்தக் காலையும் தராசுல வைக்காதீங்க." பக்கத்தில் நின்ற கிழவி சேர்த்துக்கொண்டாள், "ஒங்க மவள ஓடச் சொல்லுங்க மொதலாளி. வேன்ல வந்து எறங்குனா காலு எப்பிடி லா ஓடும்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விற்கிற பொருளைப் பார்த்துச் சிரிக்கலாம், விற்க வந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை ரூபனிடம் போனேன். அணிக்கு மூன்று வருடமாகச் சட்டை கொடுத்தவன் நான், முதுகில் என் கடைப் பெயரோடுதான் இரண்டு பெண்களும் ஓடினார்கள். அவன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, இது ஒங்க தக்காளிக் கூடை இல்ல, மேல நல்லத அடுக்கி அடியில அழுகல வைக்க. அந்தப் பொண்ணே வாயத் தெறந்து முடியாதுன்னு சொன்னாத்தான் தர்ஷினி பேரு மேல போகும். போயிட்டு வாங்க."

அந்தப் பெண்ணே வாயைத் திறந்து. சரி என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லயம் தூங்கும். மாதம் முழுக்க மழை பெய்திருந்தது, அன்று காலை பனி மட்டும் இருந்தது. ஆறரைக்குப் போய் என் பலகையை இழுத்துச் சாலையோரம் வேன்மேல் சாய்த்து நிறுத்தினேன். தள்ளவில்லை, இடறவில்லை. என் பொருளை எடுத்தேன். நாற்பத்திரண்டு எட்டும் எனக்குக் கேட்டன. நாற்பத்து மூன்றாவது கேட்கவில்லை.

முதலில் அம்மா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் விளிம்புக்குப் போய்க் குந்தினேன்.

"குணாளன் அங்கிளா? நல்ல வேளை வந்தீங்க. பலகையக் காணோம் அங்கிள், விழுந்துட்டேன். காலு மடங்கிருச்சி, ஏற முடியல."

என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அது ஓர் இரண்டு நிமிடம் இருந்திருக்கும். பனி விலகியதும் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"பலகை ஏன் அங்கிள் ஒங்ககிட்ட இருக்கு?"

"மேல தூக்கி விடுறேன் மா. கோச்சுக்கு ஒரு போன் போடு. முகாமுக்கு வரலன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

செத்தாலும் என்று அவளாகச் சொன்னதுதான் மேடம். அந்த விலையை நான் கேட்கவில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. நான் எழுந்து நடந்தேன். இது எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான். நடந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டாள்.

"அங்கிள், சரி அங்கிள். போகல. போனக் குடுங்க, சொல்லிடறேன்."

இந்த இடத்தை நீங்கள் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இருந்தாலும் கூப்பிட்டதும் திரும்புகிற பழக்கம் என்னிடம் இல்லை. அதோடு, பள்ளத்தில் பேசிய விலை கரையேறினால் நிற்காது. மேலே வந்ததும் கோச்சிடம் பலகையைப் பற்றித்தான் முதலில் பேசுவாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது வேன் கதவைத் திறந்துவிட்டேன். நனைந்த மெராந்தியைத் தனி ஆள் ஏற்ற நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்கக் கூப்பிட்டாள். கடைசியில் அங்கிள் என்பதை விட்டுவிட்டு, அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி மொதலாளி என்றாள்.

அந்தக் கால்வாயில் மழைத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று உங்கள் ஆட்கள் அளந்து பார்த்தார்களாம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு சிலிண்டரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன்.

எட்டு மணிக்குக் கடை திறந்தேன். ஈப்போவிலிருந்து வந்த கூட்டம், நல்ல வியாபாரம். பத்தரைக்கு உங்கள் வண்டி மேலே போனபோது ஓர் அம்மாளுக்குக் கோஸ் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யுவனேஸ்வரியைப் பாலத்தடியில் எடுத்தார்கள் என்று மதியம்தான் கேள்விப்பட்டேன். அதே பாலம். எனக்கு ஆச்சரியமில்லை.

ஆக, பலகையை எடுத்தது நான். அவள் எண்ணிக்கை தெரிந்து எடுத்தேன். மழை வந்தது தெரிந்து போனேன். அவள் ஒப்புக்கொண்ட பிறகும் போனேன். அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், இது இறுகின கோஸ்.

எல்லாம் மகளுக்காக என்று எழுதிக்கொள்ளலாம். தர்ஷினி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கடைக்குப் பின்னால் சேறோடு கிடந்த பலகையைப் பார்த்துவிட்டு, அவள்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாளாம், வேனில் வராமல். சனிக்கிழமையே அவள் என்னிடம், "அப்பா, எனக்கு இந்த முகாம் வேணாம். யுவா போகட்டும். நான் அவகூட ஆடுறதுக்குத்தான் திடலுக்கே போறேன்," என்று சொன்னது உண்மைதான். சொன்னாள். எத்தனை பேர் வாயால் 'வேண்டாம்' கேட்டவன் நான், அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை ரூபன் கூப்பிட்டபோதும் வேண்டாம் என்றாளாம். அந்த இடத்துக்கு வேறு மாநிலத்துப் பெண் போகிறாள்.

இனி எத்தனை வருடம் ஆனாலும் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தர்ஷினி சொல்லியனுப்பியதாக இன்று காலை சொன்னீர்கள். சொல்லும்போது என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. அவள் என் மகள் மேடம். அது முதல் விலை. நான் காத்திருப்பேன்.