என் பை பறந்தது, நான் பறக்கவில்லை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருக்கும் பயணிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் போன சான்றோர் பெருமக்களே! அழைத்த மரியாதைக்கு மறுக்காமல் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் விமான நிறுவனத்தின் வட்டார மேலாளர் அவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் அணைத்தோமா இல்லையா என்ற அடுப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே! வயதில் மூத்தவர்களே! நாற்காலியை விட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

நின்றுகொண்டிருப்பவர்களுக்கு என் நன்றி. உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் பொறாமை!

சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. இன்று நான் பேச வந்த பொருளே பொறாமைதான். அழைப்பிதழில் "பயணிகள் உரிமை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அது அச்சகத்தின் தமிழ். என் வயிற்றின் தமிழில் அதற்கு எரிச்சல் என்று பெயர்.

இதோ, மேடையில் எனக்கென்று போட்ட நாற்காலியில் என் மகள் தூங்குகிறாள். அவள் விழுந்துவிடாமல் செயலாளர் அம்மா ஒரு கையால் அணைகட்டி இருக்கிறார். அவள் கண் விழித்தால் என் பேச்சு முடிந்தது. ஆகவே கைதட்ட விரும்புகிறவர்கள் தயவுசெய்து தலையை மட்டும் ஆட்டுங்கள்.

இவளை இவள் அப்பா இன்னும் நேரில் பார்த்ததில்லை. என் கணவர் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்கிறார். அவர் கப்பல் ஏறியபோது இவள் என் வயிற்றுக்குள் இருந்தாள். இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போனில் அப்பா முகம் வந்தால் கண்ணாடியை நக்குகிறாள். அப்பா என்றால் கையடக்கமாய், தட்டையாய், விரல் பட்டால் மறைந்துபோகிற ஒன்று என்றுதான் இவள் எண்ணம்.

அப்படி இருக்கையில் ஒரு செய்தி வந்தது. கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வருகிறது. ஒரே ஒரு பகல் நிற்கும். குடும்பத்தார் வந்து பார்க்கலாம். பொழுது சாய்ந்ததும் புறப்பட்டுவிடும். அந்த ஊருக்கு இங்கிருந்து காலை விமானம் இருக்கிறது. வாங்கினேன் டிக்கெட்! நானும் வாங்கினேன், என் எதிர்வீட்டு அக்காவும் வாங்கினாள். அவள் கணவர் அதே கப்பலில் சமையற்காரர். என் வீட்டுக்காரர் இயந்திரத்துக்குத் தீனி போடுகிறவர், அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்குத் தீனி போடுகிறவர். அந்த அக்கா இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா, முந்தானையால் முகத்தை மூடாதீர்கள். எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

விடியுமுன்பே விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். கைக்குழந்தை, கைப்பை, கவலை மூன்றையும் சுமந்துகொண்டு வரிசையில் முதல் ஆளாய் நின்றவள் நான். முதல் ஆள்! எனக்குப் பின்னால்தான் அக்கா. அவளுக்குப் பின்னால்தான் ஊர், உலகம், உருளும் பெட்டிகள் எல்லாம். கவுன்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், தேனாகச் சிரித்தாள்.

"மேடம், குழந்தையோட நிக்காதீங்க. இப்படி ஓரமா உக்காருங்க. நானே உங்களைக் கூப்பிடறேன்."

எவ்வளவு கருணை! எவ்வளவு கண்ணியம்! நானும் உச்சி குளிர்ந்துபோய் ஓரமாக உட்கார்ந்தேன். ஓரமாக உட்கார்ந்தவளை உலகம் என்ன செய்யும்? தாண்டிப் போகும். அக்கா போனாள், சீட்டெண் வாங்கினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் வாங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் வாங்கினார். கூடையில் நாய்க்குட்டியோடு ஓர் அம்மாள் வந்தார், அவருக்கும் கிடைத்தது. கடைசியாக, பல் தேய்த்த நுரை உதட்டோரம் காயாமல் ஓடிவந்த ஒருவருக்கும் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஸாரி மேடம். ஃப்ளைட் ஃபுல் ஆயிடுச்சு."

"ஃபுல்லா? என்கிட்ட டிக்கெட் இருக்கேம்மா!"

"டிக்கெட் இருக்கு மேடம். இடம் இல்ல."

"காசு வாங்கிட்டுத்தானே டிக்கெட் குடுத்தீங்க?"

"எப்பவும் ரெண்டு மூணு பேர் வரமாட்டாங்க மேடம். அதனால கொஞ்சம் சேர்த்தே வித்திருவாங்க. இன்னிக்குன்னு பார்த்து எல்லாருமே வந்துட்டாங்க."

"வந்தது எங்க தப்பா?"

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லமாட்டேன். அவளும் ஒரு வீட்டின் பிள்ளை, விற்றவள் அவளில்லை. ஆனால் அடுத்து அவள் நீட்டினாள் பாருங்கள் ஒரு சாப்பாட்டுக் கூப்பன்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குத் தொட்டிலைக் கண்ணால் பார்த்தேன். "அடுத்த விமானம் சாயங்காலம் இருக்கு மேடம்" என்றாள். சாயங்கால விமானத்தில் ஏறி நான் எதைப் பார்ப்பது? கப்பலின் முதுகையா?

இப்போது அக்காவிடம் வருகிறேன். பதறி ஓடிவந்தாள். "அடிப்பாவி, இதென்ன அநியாயம்! நான் வேணா நின்னுக்கறேன், நீ போறியா?" என்றாள். கேட்டாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தாய்மார்களே, கையில் இருந்த சீட்டெண் அட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்!

நானும் சொன்னேன்: "வேணாம்க்கா. உங்க வீட்டுக்காரரும் காத்துட்டிருப்பாரு. நீங்க போங்க."

என்ன அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள்... "நீதானே போகச் சொன்னே" என்கிறாள். ஆமாம், சொன்னேன். சொன்னால் போய்விடுவதா?

போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தாள். "பையையாவது குடு, அவர் கையில சேத்துடறேன்" என்று என் பையைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டாள். அதில் இவளுடைய பழைய கவுன் ஒன்று, காலுக்குச் சின்னதாகிப்போன உறைகள், அவருக்கு நான் பின்னிய ஒரு தொப்பி. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். விமானம் ஓடியது, உயர்ந்தது, ஒரு புள்ளியாகி மறைந்தது. பைக்கு இடம் இருந்தது! நாய்க்குட்டிக்கு இடம் இருந்தது! பெற்றவளுக்கு இடமில்லை, பிறந்தவளுக்கு இடமில்லை! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கையில் டிக்கெட்டே இருந்தது ஐயா, கால்தான் தரையை விட்டு எழவில்லை.

மதியம் அக்கா கப்பலிலிருந்து கூப்பிட்டாள். திரையில் என் கணவர். பக்கத்தில் அவள், பக்கத்தில் அவள் கணவர், மேசை நிறையச் சாப்பாடு. என் கணவர் தலையில் நான் பின்னிய தொப்பி. அந்தத் தொப்பியை அவர் போட்டுக்கொண்டபோது எப்படி இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவர் குரல் கம்பி வழியாக வராமல் நேரே காற்றில் எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு மறந்தே போயிற்று. என் கணவர் அந்தக் கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இவ்ளோ சின்னதாவா இருக்கா?"

"அது பழசுங்க. இப்போ அதுல ஒரு கைதான் நுழையும்."

அவர் கவுனை முகத்தில் வைத்துக்கொண்டார். "வாசனை அடிக்குதுடி" என்றார்.

ஒரு துணியைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட்டதுண்டா? நான் பட்டேன். அந்தக் கவுனாக நான் பிறந்திருக்கக் கூடாதா என்று பட்டேன். வீடு திரும்பி, எதிர்வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துப் பட்டேன். அக்கா ஊர் திரும்பிய பிறகு, அவள் சிரித்தால் எரிந்தது, சிரிக்காவிட்டால் அதைவிட எரிந்தது. "என்னடி, முகம் குடுத்துப் பேசமாட்டேங்கற?" என்று வாசலில் நின்று கேட்டாள். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லக்கா" என்று கதவைச் சாத்தினேன். பிள்ளை உள்ளே பாத்திரத்தைத் தட்டிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் அக்கா கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். வந்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். விமானத்தில் வழியெல்லாம் அவள் அழுதிருக்கிறாள். பக்கத்து இருக்கையில் ஆஜானுபாகுவாக ஒருவர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவராம்.

"ஏம்மா அழறீங்க? பயமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் இருக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"என்னம்மா சொல்றீங்க! எனக்கு வேலை நாளைக்குத்தான். லாட்ஜ்ல போய்த் தூங்கறதுக்குத்தான் இன்னிக்கே போறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எறங்கியிருப்பேனே!"

ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! அவையோரே, அந்த ஒரு வரியைக் கேட்டபோதுதான் என் பொறாமை தன் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்தது. இத்தனை நாள் அது எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. யார் மேல் எரிய வேண்டியது, யார் மேல் எரிந்தது? ஓர் இருக்கையை இருவருக்கு விற்றவர் யார்? நாங்கள் வந்தோம், அவர்கள் விற்றார்கள். ஆனால் முகத்தை முறித்துக்கொண்டவர்கள் யார்? நானும் அக்காவும்! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பயணிகள் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மேலாளர் ஐயா தண்ணீர் குடித்து முடிக்கட்டும்.

ஐயா பேசும்போது, காலி இருக்கையோடு பறப்பது நாட்டுக்கே வீண் என்றார். ஒப்புக்கொள்கிறேன். வராதவர்களை நம்பி விற்கிறோம் என்றார். விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஐயா, அது உங்கள் பந்தயம். நீங்கள் வைத்த பந்தயத்தில் நீங்கள் தோற்றால் என் பிள்ளையின் அப்பாவை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஜெயித்தால் உங்கள் சாமர்த்தியம், தோற்றால் எங்கள் தலைவிதியா? அதுவும் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள்? சண்டை போடத் தெரிந்தவரையா? சத்தம் போடத் தெரிந்தவரையா? "ஓரமா உக்காருங்க" என்றதும் உட்கார்ந்தவளை! மரியாதையாக நடந்தவள் தலையில் மண்!

என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? இந்த அரங்கத்தைத் திரும்பிப் பாருங்கள். சங்கத்தார் நாற்காலியைவிட அதிகமாக அழைப்பிதழ் கொடுத்துவிட்டார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! நீங்களோ அத்தனை பேரும் வந்துவிட்டீர்கள். தலைவர் ஐயா என்ன செய்தார்? கதவருகே நின்ற மூதாட்டியைப் பார்த்து "வெளியே போங்கம்மா, கூப்பன் தரேன்" என்றாரா? ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெரியவங்க நிக்கறாங்க, யாராச்சும் கொஞ்சம் எழுந்திரிப்பீங்களா?" என்று கேட்டார். எழுந்தார்களா இல்லையா? இதோ நிற்கிறார்களே, இவர்களை யார் பிடித்துத் தள்ளினார்கள்? ஒருவருமில்லை! கேட்டார்கள், எழுந்தார்கள்!

ஆகவே கேளுங்கள் ஐயா! முதலில் கேளுங்கள். ஒலிபெருக்கியில் கேளுங்கள். விட்டுக்கொடுப்பவருக்குத் தகுந்த ஈடு சொல்லிக் கேளுங்கள். யாரும் எழாவிட்டால் ஈட்டை ஏற்றிக் கேளுங்கள். அவசரம் இல்லாதவர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். கேட்காமல் பிடுங்கினால் பொறாமை வரும். கேட்டு வாங்கினால் நன்றி வரும். இதற்குமா ஓர் ஆராய்ச்சிக் குழு வேண்டும்?

அடுத்த மாதம் அந்தக் கப்பல் மறுபடி அதே துறைமுகத்துக்கு வருகிறது. மறுபடி ஒரே ஒரு பகல். மறுபடி உங்கள் விமானம்தான். காலையில் அந்த ஊருக்கு வேறு விமானம் இல்லை. டிக்கெட் வாங்கிவிட்டேன். அக்காவும் வாங்கிவிட்டாள். இந்த முறையும் நான்தான் முன்னால் நிற்கப்போகிறேன். ஓரமாக உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன். மேலாளர் ஐயா, அன்றைக்கு எனக்கு இடம் உண்டா என்று உங்களைக் கேட்கிறேன். இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். நீங்கள் எங்களைக் கேட்காவிட்டாலும், நாங்கள் உங்களைக் கேட்போம்.

தலையை ஆட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? அக்கா, நீங்கள்தான் சாட்சி.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். பேசி முடித்தவர் தம் நாற்காலிக்குப் போய் உட்காருவது மேடை வழக்கம். என்னால் முடியாது. மடிக்குழந்தைக்கு விமானத்தில் தனி இடம் கிடையாது. பிறந்ததிலிருந்து இவளுக்கென்று கிடைத்த முதல் இருக்கை இந்த மேடை நாற்காலிதான். எழுப்ப மனம் வரவில்லை. நான் நிற்கிறேன். கால் வலிக்கிறது, ஆனால் வயிறு எரியவில்லை. ஏனென்றால் அது என்னிடமிருந்து எடுத்த இடம் இல்லை, நான் கொடுத்த இடம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், சத்தமில்லாமல் தலையாட்டிய தாய்மார்களுக்கும், அணைபோல் கை கொடுத்த செயலாளர் அம்மாவுக்கும், நின்றபடி கேட்ட தம்பிமார்களுக்கும், என் பையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அக்காவுக்கும் என் நன்றியும் வணக்கமும்.