வியாழக்கிழமை மூணு மணி ரூம்

கிட்ட வந்து உக்காருங்க. செல்போன் வெளிச்சம் வேண்டாம்... நான் சொல்லுதது ராத்திரி நடந்ததில்ல. பட்டப்பகல், மூணு மணி. கோவில்பட்டியில இருந்து கயத்தாறு போற ரோடு. ரெண்டு பக்கமும் ஆள் அரவமில்லாத கரிசக்காடு, நடுவுல ஒத்தையா ஒரு தீப்பெட்டி கம்பெனி. எங்க மதினியோட தங்கச்சி உமாராணிக்கு அங்கதான் ஆபீஸ் வேலை.

மீட்டிங் ரூமுக்கு அங்க தெனமும் அடிபிடி. மானேஜர் ராமசுப்பு சொல்லி, உமாராணிதான் அதை ஆபீஸ் மெயில் காலண்டர்ல சேத்தா. ரூமுக்குன்னே ஒரு மெயில் ஐடி. நாள், நேரம், யாரெல்லாம் வரணும்னு போட்டு அனுப்பணும். காலியா இருந்தா ரூமே 'சரி'ன்னு பதில் போடும். இல்லாட்டி 'இடமில்ல'ன்னு வரும்.

பேக்கிங்ல முத்துச்செல்வின்னு ஒரு பிள்ளை. சூப்பர்வைசர் திருப்பதி தன் மேல கைய வச்சான்னு புகார் எழுதிக் குடுத்துட்டா. விசாரிக்க கமிட்டி உண்டு, அது கூடணும்னா அந்த ரூம்தான். வியாழக்கிழமை மூணு மணிதான் எல்லாருக்கும் தோது. ராமசுப்பு என்ன செஞ்சான் தெரியுமா, சவத்துப் பய? எல்லா வியாழக்கிழமை மூணு மணியையும் தன் பேர்ல புக் பண்ணிப் போட்டான். ஒரு ஈ காக்கா உள்ள போகாது... ஏசி மட்டும் ஓடும்.

ஏழு வாரம். அந்தப் பிள்ளை வந்து வந்து கேக்கும். உமாராணி எல்லாம் தெரிஞ்சும் தலைய நிமித்தாம, "ரூம் இல்லட்டி"ம்பா. வேலை போயிரும்னு பயம். இப்பச் சொல்லும்போதும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நாலு செவத்தக் காட்டி ஒரு பிள்ளை வாய அடைச்சானுவளே!

ஏழாவது வாரம், அழுதுகிட்டே ரோட்டக் கடந்திருக்கா. லாரி... அங்கனயே முடிஞ்சு போச்சு.

பதினாறாம் நாள் காரியம் கழிஞ்சு வந்த வியாழக்கிழமை. ஐப்பசி மழை, காடெல்லாம் சேறு. காலையில உமாராணி காலண்டரத் தொறக்கா... ராமசுப்பு பேரக் காணோம். மூணு மணிக்கு, "முத்துச்செல்வி. விசாரணை." வரவேண்டிய ஆளு, திருப்பதி. பேக்கிங் பிள்ளைகளுக்கு மெயில் ஐடியே கிடையாது, பாத்துக்கிடுங்க.

"யாருட்டி விளையாடுதது? அழி அத!"ன்னு குதிச்சான் ராமசுப்பு. அழிச்சா. டிங்... திரும்ப வந்துச்சு. இன்னொரு தடவ. டிங். ஈரமான தீக்குச்சி மருந்து வாடை மூக்கப் பிடுங்குது. அப்பந்தான் உமாராணிக்கு வந்துச்சு ஆத்திரம், அவன் மேலயும் தன் மேலயும். "நீங்களே அழிங்க. என் கை இனிமே தொடாது"ன்னுட்டா. நேரா போயி ரூம் கதவத் தொறந்து, லைட்டப் போட்டு, ரெண்டு நாற்காலிய எதிரெதிர இழுத்துப் போட்டா.

மூணு அடிச்சுது. திருப்பதி வாரான்... அன்னைக்கு அவனுக்கு லீவு. கழுகுமலையில மாமியார் வீட்டுல இருந்தவன். இருவது கிலோமீட்டர், செருப்பில்ல. முட்டு வரைக்கும் கரிசச் சேறு. ரோட்டுல வரல, காட்டுக்குள்ள கூடி நேரா வந்திருக்கான். கைகூட கழுவல, காலையில தின்ன இட்லி சட்னியோட விரல்ல காஞ்சு ஒட்டிக் கெடக்கு.

"காலு நிக்க மாட்டேங்குதுக்கா... பிடிங்கக்கா"ன்னு அழுதான். யாரும் பிடிக்கல. உள்ள போனான். கதவு தானா சாத்திக்கிடுச்சு... க்ளிக்.

நாலு மணிக்கு ராமசுப்பு தொறந்தான். சேத்துக் காலடி நாற்காலி வரைக்கும் போயிருக்கு. திரும்பி வரல. ஆளே இல்ல. போலீஸ் வந்து கேமராவப் பாத்துச்சு. உள்ள போறது இருக்கு... வெளிய வாரது இல்ல.

மறுநா காலையில ராமசுப்பு காருல வந்து இறங்கினான். பூசாரியக் கூட்டியாந்து கழிப்புக் கழிக்கணும்னு, அவனே உக்காந்து அந்த ரூம கேட்டு அனுப்பினான். டிங்... "இடமில்ல. விசாரணை இன்னும் முடியல."

ராமசுப்பு மெதுவாக் குனிஞ்சு ஷூவக் கழட்டினான்... ஷூவுக்குள்ள, கணுக்கால் வரைக்கும் ஈரக் கரிச மண்ணு.