வண்டியை நிறுத்தாதீங்க

1991இல் நான் ஸ்ரீபெரும்புதூரில் காலை வண்டி ஏறி ஒரகடம் வழியாக வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் வல்லம் தாண்டியதும், சாலையோரம் ஓடிக்கொண்டிருந்த ஒருவனுக்காக டிரைவர் வண்டியை நிறுத்தினார். கான்வாஸ் ஷூ, தொப்பலாக நனைந்த பனியன். ஏறியவன் காலியாக இருந்த சீட்டில் உட்காரவில்லை. மூச்சு வாங்கக் கண்டக்டரிடம் சொன்னான்:

“அண்ணே, இனிமே எனக்கு வண்டிய நிறுத்தாதீங்க.”

“இன்னாப்பா இது? தெனம் வண்டி பின்னாடியே ஓடினு வர்ற. பாவம்னு நிறுத்துனா, வேணாம்னு கைய ஆட்டிட்டுப் போற.”

“வண்டிய புடிக்க ஓடலண்ணே. மெட்ராஸ்ல மாரத்தான் ஓடப் போறேன். நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்.”

“அவ்ளோ தூரத்துக்கு பஸ் கீதேப்பா.”

“கீதுண்ணே. ஆனா ஓடித்தான் முடிக்கணும்.”

“ஜெயிச்சா இன்னா தருவாங்கோ?”

“ஜெயிக்கல்லாம் மாட்டேன். கடைசி ஆளா வந்தாலும் முழுசா ஓடிடணும். என்னால முடியாதுன்னு கம்பெனில எங்க லைன்ல வேல செய்றவங்க எல்லாருமே சொல்றாங்க.”

“சரி, ஓடு. நாங்க வண்டிய நிறுத்துனா உனக்கு இன்னா?”

“நிறுத்துனா ஏறிடலாம்னு தோணுதுண்ணே. தெனம் தோணுது. இன்னிக்கு ஏறிட்டேன் பாருங்க.”

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை. ஒரகடத்தில் அவன் இறங்கி, வந்த வழியிலேயே திரும்பி நடந்தான்.

“யோவ், அந்தாண்ட எங்க போற?”

“ஏறுன எடத்துக்குண்ணே. அங்கருந்து மறுபடி ஓடணும்.”