வந்துருச்சு, விடு

மத்தியானம் மூணு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை... நாய்கூட நிழல் தேடிப் போய்விட்ட நேரம்.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? சிரிக்கிறவன் இப்பவே சிரித்துக்கொள். லாரி வர இன்னும் நேரம் இருக்கிறது. நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது என் கூட்டாளி, ஒட்டடை என்று கூப்பிடுவோமே, அவன் மச்சானுக்கு. அவன் அக்கா புருஷன். நம்மை மாதிரி மூட்டை தூக்குகிறவன்தான். இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்காதீர்கள். அக்காவுக்கே தெரியாது.

லீவு நாள். ஒட்டடை, மச்சான், லாரி டிரைவர் மூணு பேரும் அந்த ரோட்டில் இருக்கிற போர் மியூசியத்துக்குப் போனார்கள். டிக்கெட் கிடையாது, ஃபேன் உண்டு. அதுக்காகத்தான்.

காவலாளி வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "எதையும் தொடக்கூடாது."

"தொட்டா குண்டு வெடிக்குமா சார்?" என்றான் டிரைவர்.

அவர் சிரிக்கவில்லை.

துப்பாக்கி, இரும்புத் தொப்பி, ஓட்டை விழுந்த தண்ணீர்க் குடுவை... கடைசி அறையில் ஆள் உயரத்துக்கு ரெண்டு சிப்பாய்ப் பொம்மை. ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். நடுவில் ஒரு கம்பளி. கம்பளிக்கு அடியில் ஒன்றுமில்லை. ஆனால் டிஞ்சர் வாசனை. நனைந்த கம்பளி வாசனை...

முன்னால் இருந்தவனின் பிடி நழுவி, ஸ்ட்ரெச்சர் கம்பு சரிந்து கிடந்தது.

சரிகிற சுமையைப் பார்த்தால் நம்ம கை சும்மா இருக்குமா? மச்சான் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் அடியில் கை கொடுத்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். வாயும் பழகின வாய்.

"வந்துருச்சு, விடு" என்றான்.

புதுசாக வந்தவனுக்குச் சொல்கிறேன். சுமை கை மாறும்போது, வாங்குகிறவன் 'வந்துருச்சு' என்று சொல்கிற வரைக்கும் கொடுக்கிறவன் விடக்கூடாது. சொல்லிவிட்டால் விட்டுவிடலாம். அதுக்கப்புறம் அது வாங்கினவன் பாடு.

டக்... என்று ஒரு சத்தம். ஆணி அடித்த பூட்ஸ் தரையில் ஒரு அடி வைத்தது மாதிரி.

"கையை எடுய்யா!" காவலாளி கத்தினார். மச்சான் எடுத்துவிட்டான்.

"லீவு நாள்லயும் சுமை தேடி அலையிறான் பாரு" என்று ஒட்டடை சிரித்தான்.

ரோட்டுக்கு வந்தார்கள். மச்சானின் கை ரெண்டும் பின்னால் தொங்கின. விரல் மடங்கினது மடங்கினபடி.

"விளையாடாத மச்சான்."

"விரல் பிரியலடா..."

டாக்டர் நரம்பு என்றார். வேலை போச்சு. அக்காதான் ஊட்டிவிட்டாள். படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தான். "பின்னால இருக்கிறவன் நிக்க விடமாட்டேங்கறான். 'நட, நட'ன்னு தள்ளுறான்."

அக்கா அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் குறுக்காக ஒரு கோடு. பின்னாலிருந்து ஸ்ட்ரெச்சர் கட்டை இடித்து இடித்த மாதிரி கன்றிப்போயிருந்தது.

"ஒரே ஒரு தடவை மாத்திக்கோடா" என்று மச்சான் ஒட்டடையிடம் கெஞ்சினான். "ஒரு தூக்கம் தூங்கிட்டு வாங்கிக்கறேன்."

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"ஒரு வார்த்தைதானேடா? வாய் என்ன தேஞ்சா போயிரும்?" என்றாள் அக்கா. "நீயெல்லாம் ஒரு தம்பி! தள்ளு, நான் சொல்றேன். வந்து..."

ஒட்டடை பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் கடித்தாள். இன்னும் அந்தத் தழும்பு அவன் கையில் இருக்கிறது. அவன் கையை எடுக்கவில்லை.

"குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடுப்போம்" என்றான்.

மறுபடியும் அதே ரோடு. அதே வெயில். வழியெல்லாம் மச்சான் காலில் ரப்பர் செருப்பு. ஒட்டடைக்குக் கேட்டதோ... டக், டக்.

காவலாளி பார்த்த உடனே ஒட்டடையின் சட்டையைப் பிடித்துவிட்டார். "நீங்கதானே அன்னிக்குத் தொட்டது? பின்னால நின்ன பொம்மை எங்கய்யா? ஸ்ட்ரெச்சர் எங்க?"

 ரெண்டு பேரும் உதறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசி அறை இருட்டாக இருந்தது. முன்னால் நின்ற சிப்பாய் மட்டும் தனியாக நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

மச்சான் அதன் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"உன் சுமைடா இது. பிடி... பிடிடா..."

ஒட்டடை காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும்.

வரவில்லை. மச்சானுக்குப் பின்னால் டக் என்றது. அவன் முன்னால் தள்ளாடினான். இன்னொரு டக். வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

பின்னாலேயே வந்த காவலாளி சுவிட்சைப் போட்டார்.

அன்றைக்குக் கம்பைப் பிடிக்க நீட்டியிருந்த கை ரெண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, பொம்மை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.