ஓக் மரத்தின் புளிப்பு

2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில் ஐசக் வீட்டுக்கு ஓக் மரத்தில் செய்த ஓர் அலமாரி வந்து இறங்கியது. மரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தெருவுக்கு அது போதும். குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள், தலையில் பொடுகு வந்தாலும் என்னிடம்தான். சொன்னதைச் செய்வார்கள். ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அடுத்த வீட்டு ஐசக் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய இளைய மகள் ஜெரூஷா, பிளஸ் டூ முடித்த வருடம் டெங்குவில் இறந்துபோனாள். கோவளம் கரையில் அவள் பொறுக்கிய சோழிகளும் சங்குகளும் ஹாலில் கண்ணாடி ஜாடிகளில் இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அவள் கையெழுத்தில் அதன் பெயர். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட ஐசக் விடமாட்டார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "இது ஜெரு எடுத்தது, பாருங்க" என்பார். பிறகு அழுவார். வந்தவர் வாசலைப் பார்ப்பார்.

என் மனைவி இறந்த அடுத்த வாரம் நான் வகுப்பெடுத்தேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐசக்கின் கண்ணீரைப் பற்றிச் சபையே பேசியது. துக்கத்துக்கும் ஓர் அடக்கம் வேண்டும்.

எல்லா மரத்திலும் கொஞ்சம் அமிலம் உண்டு. ஓக்கில் அதிகம். வெட்டிக் காய்ந்த பிறகும் வினிகரில் உள்ள அதே அமிலத்தை அது ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். மேசையாகத் திறந்த இடத்தில் கிடந்தால் ஒன்றும் தெரியாது. மூடிய அலமாரி என்றால் ஆவி உள்ளேயே தேங்கும். ஆணி துருப்பிடிக்கும், ஈயம் வெளுக்கும். சங்கும் சோழியும் சுண்ணாம்புதானே, மெல்ல மாவாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பாலபாடம். ஐசக்குக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

ஜாடியில் பூஞ்சை பிடிக்கும், ஓக்கில் அலமாரி செய்யுங்கள் என்றேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைக்கச் சொன்னதும் நான்தான். ஆயர் வந்து அலமாரிக்கு ஜெபம் செய்தார், ஆலோசனை தந்த எனக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். கேக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஐசக்கின் மனைவி ரத்தினபாய் மதிலோரம் வந்து நின்றார்.

"சார், கதவைத் திறந்தா ஊறுகா வாசனை அடிக்குது. நார்மல்தானா?"

"புது மரம் அப்படித்தாம்மா இருக்கும். அடிக்கடி திறக்காதீங்க."

"இவர் கேட்டாத்தானே சார். எனக்குக் கிடையாது, அதுங்களுக்குத்தான் காலைல முதல் குட்மார்னிங்."

கதவைத் திறந்தே வையுங்கள் என்று அப்போது சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் சங்குகள் வெள்ளையாகப் பூத்தன. எழுத்துகள் உதிர்ந்தன. ஐசக் ஒரு சோழியைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு வந்தார். அவர் விரலெல்லாம் மாவு.

"ஏன் சார் இப்படி ஆகுது?"

பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்ததும் தோன்றியது.

"உங்க கை வேர்வை, ஐசக். சிலருக்கு அதுல ஆசிட் ஜாஸ்தி. தினமும் தொட்டுத் தொட்டு வந்தது."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தானா சார்?" என்றார். அழாமல் வீட்டுக்குப் போனார். அதை ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் இருவரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். குற்ற உணர்ச்சி ஒன்றுமில்லை. தவறான விளக்கம் நிலைத்துவிடுவது எனக்குப் பிடிக்காது. மரம், ஆவி, ரப்பர் பட்டை, எதற்காகச் செய்தேன் என்பது உட்பட எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். ரத்தினபாய் எழுந்து உள்ளே போய்விட்டார். ஐசக் சிரித்தார்.

"என்னைத் தேத்துறதுக்காகப் பழியை உங்க மேல போட்டுக்காதீங்க சார். உங்க மனசு யாருக்கு வரும்."

அவர்களுடைய மூத்த மகள் பிளஸ்ஸிக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. ஐசக் இதுவரை அதைத் தூக்கவில்லை.