பதினான்கு சதவீதம்

சனிக்கிழமை காலையில் தேக்காவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அபூர்வம். அன்று கிடைத்தது. நல்ல மனநிலையில்தான் நூருன்னிசாவைப் பார்க்கப் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். இது கோபத்தில் எடுத்த முடிவு அல்ல.

நான் ரகுபதி. இங்கே சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஓரறை வீட்டில் வளர்ந்தவன். இருபத்திரண்டு வருடங்கள் கணினி அறிவியல் பேராசிரியர். ஆறு வருடங்களுக்கு முன் சொந்த நிறுவனம் தொடங்கினேன். கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் தலைக்கவசத்தில் பொருத்தும் சிறிய கருவி எங்களுடையது. காற்றில் பிராணவாயு குறைந்தால் அது கத்தும். ஆள் மேலே ஏறிவிடலாம்.

துவாஸ் கப்பல் பட்டறையில் சோதித்தபோது நாளுக்கு ஏழெட்டு முறை கத்தியது. ஒவ்வொரு முறையும் வேலை நின்றது. கருவியைக் கழற்றிவிடுவதாகக் கப்பல் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். கழற்றிய கருவி யாரைக் காப்பாற்றும்?

நூருன்னிசா என் முன்னாள் மாணவி, நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். தேக்கா உணவுக்கடையில், கருவி கத்தும் எல்லையைப் பதினான்கு சதவீதத்துக்கு இறக்கச் சொன்னேன். அவள் தோசையைத் தொடவே இல்லை.

"சார், பிராணவாயு பத்தொன்பதரை சதவீதத்துக்குக் கீழ போனாலே கத்தணும். பதினாலுக்கு இறக்கினா, ஆள் தள்ளாடி விழுந்தாலும் சத்தம் வராது."

"திங்கக்கிழமை டெமோ முடியட்டும் லா. அப்புறம் ஏத்திக்கலாம்."

"நான் செய்யமாட்டேன், சார்."

அவள் செய்யவில்லை. அன்று மாலை நானே செய்தேன். இரண்டு நிமிட வேலை.

திங்கட்கிழமை நகரத்து அலுவலகத்தில் முதலீட்டாளர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். துவாஸில் தொட்டிக்குள் இருந்தவர் சேவியர், தூத்துக்குடிக்காரர். முந்தைய வாரம் கருவியை மாட்டிவிட்டபோது என்னிடம், "இது கத்தலேன்னா பயமில்லாம வேலை பாக்கலாம்தானே சார்?" என்று கேட்டிருந்தார். தாராளமாக என்றேன்.

திரையில் அவரைச் சுற்றியிருந்த காற்றின் பிராணவாயு அளவு பதினெட்டுக்கு வந்தது. பிறகு பதினேழு. பதினைந்தரையில் கால் தள்ளாடும் என்பது எனக்குத் தெரியும். என் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் கருவி கத்தியிருக்கும். விருந்தினர் முன்னால் கத்தினால் ஆறு வருட உழைப்பு போய்விடும். திரையில் வேறு பக்கத்தைத் திறந்து, விற்பனை வரைபடத்தை விளக்கினேன். பதினொரு நிமிடங்கள். அதற்குள் சேவியர் ஏணியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். கருவி கடைசிவரை கத்தவில்லை.

அன்றே, எல்லையை மாற்றியவர் என்று பதிவில் நூருன்னிசாவின் பெயரைப் போட்டேன். அவளுக்கு வயது முப்பத்தொன்று, மீண்டுவிடுவாள். நான் போனால் நாற்பது பேருடைய வேலை போகும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் வேறென்ன செய்திருப்பீர்கள்? விசாரணை அவள் மேல் திரும்பியதும் ஈசூனிலிருந்து அவளுடைய அம்மா வந்து என் அலுவலக வாசலில் அழுதார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

எட்டு மாதங்கள் நன்றாகத் தூங்கினேன். மனசாட்சி உறுத்தி இங்கே வந்ததாகப் பத்திரிகைகள் எழுதினால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

போன வாரம் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். 'இந்தக் கருவியை இயக்கும் கணிதமுறை முழுவதையும் வடிவமைத்தவர் நூருன்னிசா' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அசாதாரணத் திறமையாம். அந்தக் கணிதமுறையில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை. நான்கு வருடங்கள் நான் ஒருவனே உட்கார்ந்து எழுதியது.

எல்லையை இறக்கியது நான். திரையை மாற்றியது நான். பெயரை மாற்றியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் அந்த ஒன்பதாம் பக்கத்தைத் திருத்துங்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுதுவதை நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை.